மட்கார்டில் ஒரு கையகலம்

வாக்கர்டன், இந்தியானா
ஆகஸ்டு 20, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் டெட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் சிட்காவின் ஓயாத மழையும் ஒருவரோடொருவர் ஒத்துப்போய் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், நானும் சுகம், அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதிவிட்டேன். போனில் கூப்பிட்டால் நீ 'சரிப்பா, சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க' என்பதற்கு மேல் போகமாட்டாய், அதனால்தான் காகிதம். அம்மாவின் வலது முழங்கால் மாடிப்படிக்கு மட்டும் வலிக்கிறது, தேவாலயத்துச் சீட்டாட்டத்துக்கு வலிப்பதில்லை. மக்காச்சோளம் இந்த வருஷம் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது, தக்காளியைப் பாதி மான் தின்றது, மீதியை அம்மா பாட்டிலில் அடைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் புது வேதியியல் கூடம் திறந்தார்கள். அதைக் கேட்டு பதினொரு வருஷம் மனு எழுதியவன் நான், நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் கழித்து அவர்களுக்குப் புத்தி வந்திருக்கிறது. மூன்றாம் வரிசையில் உட்காரவைத்து, நிகழ்ச்சி நிரலில் பாவ்லக் என்ற என் பெயரை பாலக் என்று அச்சடித்திருந்தார்கள். காபிகூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். நான் வந்ததையும் யாரும் கவனிக்கவில்லை, போனதையும் கவனிக்கவில்லை.

ஜூனில் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனதை அம்மா சொல்லியிருப்பாள். அந்த டாக்டர் பையன் என்னிடம் வேதியியலில் 'சி' கிரேடு வாங்கியவன், அதை அவனும் மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. ஆறு வாரத்துக்கு ஒரு கேலன் பால் டப்பாவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்றான். ஜூலைக் கடைசியில் பழைய தோட்ட டிராக்டர் கண்காட்சி, ஷெட்டில் ஐந்து வண்டிகள், நானோ சோபாவில். உன் நார்பர்ட் பெரியப்பா ஞாயிறுதோறும் கீல்பாசா சாஸேஜ் பொட்டலத்தோடு வந்து, என் காலடியில் உட்கார்ந்து, அவன் டிங்கரிங் பட்டறையின் வீரப்பிரதாபங்களைச் சொல்லிவிட்டுப் போவான். ஒரு ஞாயிறு, 'வாத்தியாரே, நீ படுத்துக்கிட்டு புஸ்தகம் படி, ஷெட்டு சாவிய இப்படிக் குடு, அப்பா வண்டிக்கு பெல்ட் மாத்தணும்னு சொன்னேல்ல, நான் பாத்துக்கறேன்' என்றான். கொடுத்தேன். அறுபது வயது ஆளிடம் ஒரு பெல்ட்டை நம்பிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

அப்பா வண்டி உனக்குத் தெரியும், உன் தாத்தாவின் அறுபத்துமூன்றாம் வருஷத்து வீல் ஹார்ஸ் தோட்ட டிராக்டர். தாத்தா அதைச் செய்த தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர், அந்த வண்டிக்குச் சிவப்பு அடித்ததும் அவர் கைதான். பானட்டின் இடது பக்கம், கீழ் ஓரத்தில், பெயிண்ட் வழிந்து ஒரு சொட்டாக உறைந்திருக்கும். அந்தப் பழுதுக்காகவே அதைக் கடைக்கு அனுப்பாமல் ஒதுக்கிவைத்தார்கள், ஒதுக்கியதைத் தாத்தா வீட்டுக்கு எடுத்து வந்தார். போகும்போதும் வரும்போதும் கட்டைவிரலால் அந்தச் சொட்டைத் தடவி, 'இது நான் போட்ட கையெழுத்து' என்பார். பின்னோக்கி ஓட்டும்போது அவர் பிடித்துத் திரும்பிப் பார்க்கிற இடத்தில் மட்கார்டு இரும்பு தெரியத் தேய்ந்திருந்தது, நான்கு விரல் அகலம். நான் ஓட்டும்போதும் என் கை அங்கேதான் போய் விழும். பழைய பெயிண்ட் எவ்வளவு மங்கினாலும் அதன்மேல் கைவைக்காதீர்கள் என்று இந்தப் பத்து வருஷமாக டிராக்டர் கிளப்பில் கத்திக்கொண்டிருப்பவன் நான். துரு வாத்தியார் என்றே எனக்குப் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

கண்காட்சி அன்று அம்மாதான் காரை ஓட்டினாள். மைதானத்தில் நம் வழக்கமான இடத்தில், எல்ம் மரத்தடியில், தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி நின்றது, சுற்றிலும் கிளப் ஆட்கள் இளித்துக்கொண்டு நின்றார்கள். ஐரீன் பெரியம்மா போனைத் தூக்கிப் பிடித்தபடி, 'கான்ராட், அழுதுடாதே, வீடியோ ஓடிக்கிட்டிருக்கு' என்றாள். நார்பர்ட் தார்ப்பாயை இழுத்தான். அப்பா வண்டி நேற்றுத்தான் பிறந்ததுபோல் நின்றது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு, என் முகம் அதில் தெரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். 'என்னடா வாத்தியாரே, பேச்சே வரல? முப்பது வருஷம் வாய் ஓயாம பாடம் நடத்தினவனாச்சே!' என்று அவன் என் முதுகில் தட்ட, கூட்டம் சிரித்தது. நான் குனிந்து இடது பக்கத்து ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மணல் அடித்துப் பழைய பெயிண்டை எடுத்தாயா என்று மட்டும் கேட்டேன். 'பின்னே? இரும்பு வரைக்கும்! பழசு ஒரு பொட்டு இல்ல. என்ன சாதாரண ஆளுன்னு நெனச்சியா?' என்றான். ஆறு வாரமாக, தினமும் பட்டறையை மூடியபிறகு இரண்டு மணி நேரம் உழைத்தானாம், ஐரீன் சொன்னாள். இவனைத் திட்டுவதற்கு இந்த மாவட்டத்தில் எவனுக்கும் உரிமை கிடையாது என்கிற மாதிரி செய்துவைத்திருந்தான். நன்றி என்றேன். வேறென்ன சொல்வது, நம் ஊரில் அத்தனை பேருக்கு முன்னால்?

முதல் பரிசும் கிடைத்தது. நடுவர் நீல நாடாவை வண்டிச் சொந்தக்காரன் என்று என் கையில் கொடுத்தார். நான் அதை நார்பர்ட்டின் சட்டைப் பையில் செருகி, 'இது உன்னோடதுடா' என்றேன். அவ்வளவு கசப்போடு என் வாயிலிருந்து ஒரு வார்த்தை இதுவரை வந்ததில்லை. அவன் கண் கலங்கி, தையல் போட்ட பக்கம் படாமல் பார்த்து என்னைக் கட்டிப்பிடித்தான். பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் ஆரம்பித்தேன். சின்ன வயதில் என் சைக்கிளை அவன் கழற்றிப் போட்டதிலிருந்து, தாத்தா இறந்தபோது சவப்பெட்டியை என்னைக் கேட்காமல் தேர்ந்தெடுத்தது வரைக்கும் வரிசையாகச் சொன்னேன். கேட்டானா, ஒரு வார்த்தை கேட்டானா, என் வண்டியைத் தொடுவதற்குமுன் ஒரு வார்த்தை என்னைக் கேட்டானா என்று அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ரயில்வே கேட்டில் சரக்கு ரயில் குறுக்கே வந்தது, அம்மா எஞ்சினை அணைத்தாள். முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, 'டெட்டாவும் அன்னைக்கு இதே ரோட்டுலதான் வந்தா, பின்சீட்டுல. அவ இவ்வளவு பேசல' என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. ரயிலில் நூறு பெட்டிக்கு மேல் இருக்கும். கடைசிப் பெட்டி போவதற்குள் விளங்கிவிட்டது.

உனக்குப் பதிமூன்று வயது. பழைய பண்ணை ஒன்றின் வேலி ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்த சின்ன வண்டியை ஏலத்தில் எடுத்து வந்தாய், குளிர்காலம் முழுக்க அதோடு கிடந்தாய், அம்மாவின் அடுப்படித் தொட்டியில் கார்புரேட்டரைக் கழுவித் திட்டு வாங்கினாய். ஸ்ப்ரே அடிக்கிற கம்ப்ரசரைத் தொடக்கூடாது என்று நான் சொன்னதால் பிரஷ்ஷால் அடித்தாய். கடைச் சிவப்பு வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்று களஞ்சியத்துச் சுவருக்கு அடிக்கிற சிவப்பில் வாசல் கம்பிகளுக்கு அடித்த வெள்ளையைக் கலந்து, தக்காளி சூப் நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தாய். எல்லாம் கோடுகோடாக, சொட்டுச்சொட்டாக. அப்போது கிளப்பில் எல்லோரும் பளபளப்பைத்தான் விழுந்து கும்பிட்டோம், பழைய பெயிண்ட் பைத்தியம் எனக்குப் பிறகுதான் பிடித்தது. நீ ஏரிக்கரைத் தேவாலய முகாமுக்கு ஒரு வாரம் போயிருந்தாய். என் மகளின் வண்டி இந்தக் கோலத்தில் நடுவர்முன் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். நீ சிரிப்புக்கு ஆளாவாய் என்று நினைத்ததாக இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் ஆளாவேன் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு வாரத்தில் சரியான சிவப்பை ஸ்ப்ரே அடித்து, கம்பெனிப் பெயர் எழுத்துகள் ஒட்டி, மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். நீ முகாம் பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்தாய். பார்த்தாய். 'தேங்க்ஸ்ப்பா' என்றாய். நடுவர் குனிந்து, 'பதிமூணு வயசுப் பொண்ணு செஞ்ச வேலைன்னா நம்பவே முடியல' என்றார். நீல நாடாவை என் கையில் கொடுத்து, 'இது உங்களோடதுப்பா' என்றாய். நான் அதை வேலை மேஜைக்கு மேலே ஆணியடித்து மாட்டி, பதினைந்து கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களிடமெல்லாம், என் பெண் எப்படிப்பட்டவள் பாருங்கள், பரிசை அப்பாவுக்கே கொடுத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன். நீ உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டு தலை நிமிராமல் இருப்பாய்.

அதற்குப் பிறகு நீ ஷெட்டுக்குள் வரவில்லை. அதற்கு நான் நீச்சல் பயிற்சியாளரைக் குற்றம் சொன்னேன், உன் தோழி மார்கோவை, அந்த டிரம் அடிக்கும் பையனை, உன் கையிலிருந்த போனை, உனக்கு இடம் கொடுப்பதாக அம்மாவை. அவர்களில் முதல் மூன்று பேரோடு இன்னும் எனக்குச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. பயிற்சியாளர் மளிகைக் கடையில் எதிர்ப்பட்டால் நான் ரொட்டி வரிசைக்குத் திரும்பிக்கொள்வேன். ஒரு கணக்கும் சரியாக வராத வாத்தியார் நான்.

நார்பர்ட்டை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மூன்று வாரமாகக் கூப்பிடுகிறான், எடுக்கவில்லை. 'உன் அண்ணன்கிட்ட இன்னிக்கே சொல்லிடு, அவனும் பதினஞ்சு வருஷம் தெரியாமலே கெடக்கணுமா' என்கிறாள் அம்மா. கிடக்கட்டும் என்றுதான் தோன்றுகிறது. நீ ஏன் என்னிடம் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன், என்னால் என் அண்ணனிடம் சொல்ல முடியாததை ஒரு பதிமூன்று வயதுப் பெண் எப்படிச் சொல்லியிருப்பாள் என்பதால் கேட்கவில்லை.

அப்பா வண்டிக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. மணல் அடித்தால் எதுவும் மிஞ்சாது, தாத்தாவின் சொட்டு நார்பர்ட்டின் பட்டறைக் குப்பையில் தூசியாகப் போயாயிற்று. ஆனால் உன் வண்டியைப் பற்றி யோசித்தேன். அந்த வாரம் எனக்கு அவசரம். உன் பெயிண்டை நான் சுரண்டி எடுக்கவில்லை, உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அதன்மேலேயே அடித்தேன். என் மாணவன் எவனாவது அப்படிச் செய்திருந்தால் முட்டி போட வைத்திருப்பேன். இப்போது முதல் தடவையாக என் மோசமான வேலைக்கு நன்றி சொல்கிறேன். போன வியாழக்கிழமை உன் வண்டியை ஷெட்டின் பின்னாலிருந்து வெளியே உருட்டி, துணியில் கொஞ்சமே கொஞ்சம் தின்னர் நனைத்து, மட்கார்டின் அடிப்பக்கத்தில் ஒரு ஓரமாகத் துடைத்துப் பார்த்தேன். மேலே இருந்த என் சிவப்பு இளகி வந்தது, கீழே இருப்பது அசையவில்லை. தக்காளி சூப். பிரஷ்ஷின் மயிர் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருக்கிறது. அப்புறம் மேல் பக்கத்துக்கு வந்தேன். ஒரு கையகலம் துடைத்திருப்பேன், நீ அடித்த கோடுகள் எல்லாம் தெரிய ஆரம்பித்தன. வண்டி உன்னுடையது, நான் மறுபடியும் உன்னைக் கேட்காமல் தொட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே கேட்கிறேன். மீதியையும் துடைக்கட்டுமா? வேண்டாம் என்றால் அந்தக் கையகலத்தோடு அப்படியே நிற்கும். வண்டியை நசுக்கிப் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று நீ சொன்னாலும் போடுகிறேன், ஏன் என்று கேட்கமாட்டேன். நாடாவைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. என் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறேன். நீண்ட கடிதம் எழுத வேண்டாம், ஒரு வார்த்தை போதும். பதில் வராவிட்டால் வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டு துணியைத் தொடமாட்டேன்.

மழையில் தலையை நனைக்காதே. உன் கார் எஞ்சினுக்கு ஆயில் மாற்றி எத்தனை மாதம் ஆயிற்று என்று பார். அம்மா அனுப்பிய தக்காளிப் பாட்டில்களில் மூடி உப்பியிருந்தால் திறக்காமல் தூக்கிப் போடு. சாப்பாட்டு மேஜையில் உனக்காக அவள் தினமும் ஜெபிக்கிறாள், நான் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன், அதையும் ஜெபம் என்று வைத்துக்கொள். உன் கைகள் தொட்ட வேலையெல்லாம் உன்னுடையதாகவே நிலைக்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா,
கான்ராட் பாவ்லக்

பின்குறிப்பு: அந்தக் கையகலத்தின் ஒரு மூலையில் என் உப்புத்தாள் இரும்பு வரைக்கும் போயிருக்கிறது, உன் நிறம் அங்கே மிச்சமில்லை. களஞ்சியத்துச் சிவப்பையும் வெள்ளையையும் வைத்துக்கொண்டு மூன்று நாள் கலந்து பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் வேதியியல் நடத்தியவனுக்கு அது வரவில்லை. எத்தனை பங்கு வெள்ளை என்று கேட்கத்தான் இந்தப் பின்குறிப்பைத் தொடங்கினேன், இப்போது வேண்டாம் என்று படுகிறது. எழுதி அனுப்பாதே. அந்த மூலை இரும்பாகவே இருக்கட்டும். என்றைக்காவது நீ வந்து கலந்தால் கலந்துகொள்.