பதினோரு மிஸ்டு கால்

ராமச்சந்திராபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நீலாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் அண்ணன் வெங்கட்டும் அண்ணி சுமதியும் இங்கே நலம், டல்லாஸில் உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்க மாரியம்மன் துணை. ஆமாம் நீலா, நானேதான் எழுதுகிறேன், யாரும் கை பிடிக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள், தாளில் கோடு நேராகத்தான் இருக்கிறது, என் எழுத்துதான் ஏறி இறங்குகிறது. இந்த இடம் வருவதற்குள் காபி இரண்டு தரம் ஆறிவிட்டது. சுமதி ஐந்து மாதமாக மத்தியானங்களில் சொல்லிக்கொடுத்தாள், இப்போது பால் பாக்கெட்டைக்கூட வாசித்துவிட்டுத்தான் வெட்டுகிறேன், அம்மா சிரிக்கிறாள். அவளுக்கு முழங்கால் வலி தேவலை.

வெங்கட் டீம் லீட் ஆகிவிட்டான், வீட்டிலும் போன்தான். பல் தேய்க்கும்போது அர்ஜென்ட் என்கிறான், சாப்பிடும்போது ஃபாலோ அப் என்கிறான், நேற்று எவனையோ எஸ்கலேட் பண்ணுவேன் என்று மிரட்டினான். ஒவ்வொன்றுக்கும் சுமதியிடம் அர்த்தம் கேட்டு தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதி வைக்கிறேன். ஜென்டில் ரிமைண்டர் என்றால் மெதுவாகத் தட்டுவது, எஸ்கலேட் என்றால் அவனுடைய மேலதிகாரியைத் தட்டுவது. மூன்று பக்கம் ஆகிவிட்டது. முப்பத்தோரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஹெல்பராக நின்று ஆட்களை விரட்டினேன், எனக்கு ஜல்தியும் ரைட்டும்தான், மிச்சத்தை என் கை பஸ்ஸைத் தட்டிச் சொல்லிவிடும். பிறகு போனின் மறுமுனையில் இருப்பவர்கள் சொல்லும் வார்த்தைகளைக் கேட்டேன், டிஸ்டர்ப், ப்ரஷர் என்று சுமதி அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள். டார்ச்சர் என்று நான் கேட்டதும் தயங்கினாள், பிறகு, கட்டி வைச்சு அடிக்கிறது மாமா, என்றாள். அன்று அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

அது நீ சொன்ன வார்த்தை. டிசம்பரில் வருகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, வாசலுக்கும் காலண்டருக்குமாக நடந்தேன். அப்போது மெசேஜ் எழுதத் தெரியாது, மிஸ்டு கால்தான் தெரியும். ஒருநாள் ஒரே மணி நேரத்தில் பதினோரு தடவை கொடுத்தேன். நீ ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்து வெளியே ஓடிவந்து போன் போட்டு, மூச்சு வாங்க என்னாச்சுப்பா என்றாய், நான் டிக்கெட் போட்டாயா என்றேன். அம்மாவுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன், ஏம்பா இப்படி டார்ச்சர் பண்றீங்க என்று அழுதாய். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய்.

போன வாரம் பழைய டிரைவர் நூர் முகமது வந்திருந்தார், இதைச் சொன்னேன். ஒருநாள் எங்கள் கம்பெனி ஆள் ராஜகோபால் ஷிப்டுக்கு ஓடிவரும்போது நான் பஸ்ஸை ஓங்கி ஓங்கித் தட்ட, அவர் பதறி விழுந்து டிபன் பாக்ஸ் ரோட்டில் கொட்டியது உனக்குத் தெரியாது. அன்று நூர் பாய் திட்டினார், உன் கை அரிப்புக்குத் தட்டுறே ஸ்வாமி, ஓடி வர்றவனுக்கு பஸ் தெரியாதா, என்று. இப்போதும் அதையே சொல்லிவிட்டு, பெண்ணையும் விழவைத்தாயா, என்று டீயைக் குடித்தார்.

நீ ஓடிக்கொண்டுதான் இருக்கிறாய் அம்மா, எனக்குத் தெரியாமல் போயிற்று. டிசம்பரோ அடுத்த வருஷமோ, உன் தேதி உன்னுடையது. காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, இதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். சீக்கிரம் பதில் போடு என்று மேலே எழுதி அடித்திருக்கிறேன், அந்த மைக் கறை அதுதான். ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், கை நீட்ட மாட்டேன். நீ கேட்டால் அவள் கொடுப்பாள். அடுத்த வாரமும் எழுதுவேன், பதில் வந்தாலும் வராவிட்டாலும்.

நீ நூறு வயது குறையில்லாமல் இருக்க வேண்டும்.

கைநாட்டு வைக்காமல் முதல் தடவை எழுதும்
உன் அப்பா
ராமசுவாமி