தேவதானத்துப் பெண்ணின் ஆறு வாக்கியங்கள்

1938 மே 9, திங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்.

காலையிலேயே அனல். மலைப் பக்கம் மேகம், மழை இல்லை. லீவு முடியுமுன் நம் பக்கத்துப் பேச்சுத் தமிழ் பற்றிக் காலேஜுக்குக் கட்டுரை எழுதியாக வேண்டும். பத்திரிகைத் துணுக்குகளை வைத்து ஒப்பேற்றினால் பூஜ்யம் என்று மிஸ் எச்சரித்திருக்கிறார். ஆராய்ச்சிச் சஞ்சிகைதான் வேண்டுமாம். அடையாளம்: எழுதியவர் யார், எங்கே யாரிடம் கேட்டார், எப்படிக் குறித்தார், அடிக்குறிப்பு உண்டா. பைண்டு செய்த பழைய தொகுதி ஒன்றை அவரே கொடுத்தனுப்பினார். மசி வாங்க வேண்டும்.

மே 10, செவ்வாய்.

நல்ல கட்டுரை ஒன்று அகப்பட்டது. எழுதியவர் வெள்ளைக்காரப் பேராசிரியர். எல்லா அடையாளமும் சரி. தேவதானத்தில் ஒரு கிறிஸ்தவப் பெண் பேசிய ஆறு வாக்கியங்கள். பேர் போடவில்லை. இழுப்பு, நிறுத்தம், மூக்கொலி எல்லாவற்றுக்கும் தனிக் குறி.

தேவதானம் அம்மா ஊர். அம்மா இறந்துபோனபோது எனக்கு ஒரு வயது; முகமே தெரியாது. பிறகு அவள் தங்கையைத்தான் அப்பா கட்டிக்கொண்டார்.

மத்தியானம் குறிகளைப் பார்த்துப் பார்த்து வாய்விட்டுப் படித்தேன். "ஏட்டி, செத்த இங்க வா. பிள்ள அழுவுது பாரு."

அடுப்படியிலிருந்து சின்னம்மா, "இந்தா வாரேன்க்கா" என்றாள்.

ஆனால் ஆள் வரவில்லை. போய்ப் பார்த்தால், அகப்பையோடு சுவரில் ஒட்டி நிற்கிறாள். சோறு தீய்கிறது.

"யாருட்டி பேசினது?"

"நாந்தான் சின்னம்மா. புஸ்தகத்துல இருக்கு."

"பொய் சொல்லாத. அது எங்கக்கா."

மே 11, புதன்.

அதே வெயில். ராஜபாளையத்திலிருந்து அப்பா பஸ்ஸில் வந்ததும் கேட்டேன். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா, ஒரு தொர வந்தாரு. ஒங்கம்மாவப் பேசச் சொல்லி எழுதிக்கிட்டாரு. நீ அவ மடியிலதான் கெடந்த."

கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பு: இங்கே குழந்தை அழுததால் நிறுத்தினேன். அந்தக் குழந்தை நான்.

"இனி சத்தமாப் படிக்காத. சின்னம்மா பயப்படுதா." அப்பாவின் குரலும் சரியில்லை.

மே 12, வியாழன்.

பாதி எழுதியாயிற்று. அப்பா வேலைக்குப் போனதும் சின்னம்மா எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஒருக்க படி, ரூத்து. கேக்கணும்போல இருக்கு."

மறுக்க முடியவில்லை. ஆறையும் படித்தேன். கண்ணை மூடியபடி, "அக்கா, அவியளக் கட்டிக்கிட்டேனே, ஒனக்குக் கோவமா?" என்றாள்.

புத்தகத்தை மூடினேன். ஆனாலும் பதில் வந்தது, என் வாயிலிருந்து, அதே இழுப்போடு: "கோவம் என்னத்துக்கு, சிட்டு? எம்பிள்ளய வளத்தது நீதானட்டி."

சின்னம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஆறுதலுக்கு நானே சொன்னேன் என்றுதான் நினைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள்: "சிட்டுன்னு அக்கா மட்டுந்தான் கூப்பிடுவா. ஒங்கப்பாவுக்கே தெரியாது. ஒனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கட்டுரையை வரிவரியாகத் தேடிவிட்டேன். அதிலும் அந்தப் பேர் இல்லை.