மூன்று சனிக்கிழமை, ஒரு பைக்

அக்டோபர் 5, சனி
ஏரி ஓரத்தில் ஐஸ் கட்டிவிட்டது. உடனே ஊருக்கே ஞாபகம் வந்து, குளிர்காலத்துக்குத் தயார் பண்ண இன்று மட்டும் என் கொட்டகைக்கு ஆறு படகுகள். டாங்கை நிரப்பி, பெட்ரோல் கெடாமலிருக்க மருந்து ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேர பத்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டு... விரல் விறைத்துப்போய் உள்ளே வந்தால் வெய்ன் இல்லை. மேசையில் சீட்டு: "கொலெட்டோட பைக்கைக் குளிர்காலத்துக்குத் தயார் பண்ணப் போறேன். ஒரு பாட்டில் மருந்து எடுத்துக்கிட்டேன்."

சரிதான். கொலெட்டின் புருஷன் ரஸ் இறந்து பதினைந்து மாதம் ஆகிறது. சிநேகிதன் மனைவிக்கு என் புருஷன் வெய்ன் உதவினால் குற்றமா? ஆனால் ஒரு மணிக்குப் போனவன் நாலரைக்கு வந்தான். ஒரு பைக்குக்கு முக்கால் மணி நேரம் போதும்.

அக்டோபர் 12, சனி
மறுபடியும் போனான். "போன வாரமே முடியலையா?" என்றேன். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

இருபத்திரண்டு வருடமாக இதையே பிழைப்பாகச் செய்கிறவளிடம் சொல்கிறான்!

வந்ததும் அவன் கையைப் பிடித்து, கொஞ்சுவதுபோல, மோந்து பார்த்தேன். பெட்ரோல் வாடையே இல்லை. பட்டை வாசனை. பட்டைத்தூள் போட்டுப் பன் சுட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்குப் பன் சுட வராது. என் கையை எத்தனை தடவை கழுவினாலும் பெட்ரோல்தான். அவள் கை மெத்தென்று இருக்கும். இருக்கட்டும்.

அக்டோபர் 14
ஹெய்க்கினென் படகைக் கொண்டுவந்தார். "என்ன மார்லிஸ், உன் வீட்டுக்காரன் வண்டி கொலெட் வாசல்லயேதான் குளிர்காலத்தைக் கழிக்கப் போகுதா?" என்று கண்ணடித்தார். நானும் சிரித்துவைத்தேன். அவர் படகில் மருந்தை ஊற்றிவிட்டு இஞ்சினை ஓடவிடவே மறந்துபோனேன்! சாப்பிடும்போது ஞாபகம் வந்து ஓடினேன். இப்படி ஒரு தப்பு நான் செய்ததே இல்லை.

அக்டோபர் 16
அவன் வண்டியில், சீட்டுக்கு அடியில் அந்த மருந்து பாட்டில். மூடியைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 17
கேட்டுவிடலாம். கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவானோ? அதுதான் பயம். வயிறு எரிகிறது.

அக்டோபர் 19, சனி
அவன் கிளம்பி அரை மணியில் நானும் கொலெட் வீட்டுக்குப் போனேன். பைக் ஷெட் கதவு திறந்திருந்தது. வெய்ன் பெட்ரோல் வடிக்கிற ரப்பர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அசடுபோல நிற்கிறான். கொலெட் டாங்க் மூடிமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"நீயாவது சொல்லு மார்லிஸ், இதைத் தொட வேணாம்னு."

மூடியைத் திறக்கச் சொல்லி மோந்தேன். பழைய வார்னிஷ் வாடை; பெட்ரோல் கெட்டுப்போயிருந்தது. எந்த மருந்துக்கும் கட்டுப்படாது. வடித்தே தீரவேண்டும்.

"அது ரஸ் போட்டது. அன்னைக்குக் காலைல டாங்க்கை நிரப்பிட்டு வந்தான். சாயங்காலம் ஆளே இல்ல. அதுமேல புதுசு ஊத்தக்கூட எனக்கு மனசு வரல."

"மூணு வாரமா கெஞ்சறேன்," என்றான் வெய்ன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று அவனைக் கேட்டேன்.

"நீ சிரிப்பே."

சிரித்திருப்பேன். கெட்டுப்போன பெட்ரோலுக்கு அழுகையா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

"பைக் வேணுமா, பெட்ரோல் வேணுமா?" என்றேன் கொலெட்டிடம்.

"ரெண்டும்."

மூன்று கேலன் வடித்தேன். சிவப்புக் கேனில் ஊற்றி இறுக மூடி, வீட்டில் வைக்கக்கூடாது என்று என் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். பத்து நிமிடம் நிம்மதியாக இருந்தது. பிறகு மறுபடி எரிச்சல், வேறு மாதிரி. நான் நாளைக்கே செத்துப்போனால் வெய்ன் என்னுடையது எதையாவது இப்படிக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பானா? நான் அவனுடையதை? கொலெட்டை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 26, சனி
வெய்ன் வீட்டில்தான். கெட்ட எண்ணெய், பழைய பெட்ரோல் எல்லாம் அள்ளிப்போக கவுண்டி நிர்வாகத்தின் லாரி வந்தது. பனி விழுவதற்குமுன் இதுதான் கடைசி நடை. டிரைவர் கேன்களை ஏற்றிக்கொண்டே வந்து அந்தச் சிவப்புக் கேனையும் தூக்கினார்.

"அதைக் கீழ வைங்க," என்றேன்.

"நாறுதேம்மா. இதுவும் கெட்டதுதானே?"

"கெட்டதுதான். வைங்க கீழ."

வெய்ன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை. கேனை வாங்கிப்போய் உள்ளே, எட்டாத உயரத்தில் வைத்துவிட்டு வந்தான்.