மூன்றாவது செபம்

அப்பா,

விடியற்காலையில் பறித்த சாமந்தியின் வாசனை இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவியும் அந்தப் பச்சைக் கசப்பு அப்படியே இருக்கிறது. உங்கள் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. இன்று பறித்த பூ சந்தைக்குப் போகவில்லை. நம் மாதா கோவில் பங்குச்சாமிக்கு மாற்றலாகிவிட்டது. காலைப் பூசை முடிந்து அவரை வழியனுப்பினோம். மாலையை நான்தான் கட்டினேன்.

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஒன்பதாவதோடு நான் பள்ளியை விட்டபோது டீச்சர் வீடு தேடி வந்து காரணம் கேட்டார். அதற்கும் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். ஜெபமாலை நேரத்தில் மட்டும் என் குரல் வெளியே வரும், அதுவும் ஒருவர் செபத்தின் முன்பாதியைச் சொல்ல, எல்லோரோடும் சேர்ந்து பின்பாதியைச் சொல்லும்போது. முன்பாதி எப்போதும் உங்களுடையது.

ஜெபமாலை முடிந்த பிறகும் எங்களை எழுந்திருக்க விடமாட்டீர்கள். இன்னும் மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் உண்டு. பாப்பரசருக்கு ஒன்று, ஆயருக்கு ஒன்று, பங்குச்சாமிக்கு ஒன்று. தம்பி அதற்குள் பாதி தூங்கியிருப்பான். "மொரப்பூர்ல இருந்து வேண்டுனா ரோம்ல இருக்கறவருக்குக் கேக்குமாப்பா?" என்றான் ஒருநாள்.

"அவருக்கு எதுக்குடா கேக்கணும்? கேக்க வேண்டியவருக்குக் கேக்கும். அதுக்கு டவரு வேணாம்" என்றீர்கள். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

இந்தச் சாமி வந்த முதல் வருஷம், மாதா தேருக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிவில் ஓர் அறிவிப்பு சொன்னார். பெங்களூரில் வேலை செய்யும் ஒருவர் தேர் முழுவதற்கும் பிளாஸ்டிக் பூவும் சீரியல் லைட்டும் தருகிறாராம். வருஷா வருஷம் தேருக்குப் பூ நம் கொல்லையிலிருந்துதான் போகும். அதற்கென்றே கணக்குப் பார்த்து நாற்று நடுவீர்கள். அன்று பூ பறிக்கிற பக்குவத்தில் நின்றது. வீடு திரும்பியதும் நீங்கள் வரப்பில் போய் உட்கார்ந்துகொண்டீர்கள்.

அன்று சாயங்காலம் பாப்பரசருக்குச் சொன்னீர்கள். ஆயருக்குச் சொன்னீர்கள். பிறகு சிலுவை அடையாளம் போட உங்கள் கை நெற்றிக்குப் போனது.

"இன்னொன்னு இருக்குதுங்க" என்றாள் அம்மா.

"போதும்."

யாரோ தொடங்கிய சத்தம் கேட்டது. அது என் குரல்தான் என்று எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. பங்குச்சாமிக்காக என்று சொல்லி, முன்பாதியை முடித்தேன். அம்மாவும் தம்பியும் பின்பாதியைச் சொன்னார்கள். அதில் நீங்கள் இல்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள், கடைசியில் ஆமென் மட்டும் உங்களிடமிருந்து வந்தது.

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது சொன்னீர்கள்: "அவருக்கு வேண்டிக்கிட்டே அவரு மேல கோவத்த வெச்சிருக்க முடியல கண்ணு. அதுக்குத்தான் நிறுத்தப் பாத்தேன். நீ வுடல."

மறுநாள் காலை சாமி வீட்டுக்குப் போனீர்கள். திரும்பி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தீர்கள்.

"தேருக்கு அது இருக்கட்டும் சாமி, மாதா கழுத்துக்கு மட்டும் நம்ம பூவு போடலாங்களான்னு கேட்டேன். அவருக்கு விஷயமே தெரியல. 'எல்லாரும் என்னப் பாத்தா தோத்திரம் சொல்றாங்க, ஒருத்தரும் விஷயம் சொல்ல மாட்டேங்கறாங்க'ங்கறாரு. நேத்து ஆக்குன சோத்தத் தனியா உக்காந்து சாப்புட்டுக்கிட்டு இருந்தாரு. சின்ன வயசு, பாவம். அவர நம்ம வூட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூப்புட்டிருக்கேன்."

அம்மா அடுப்பைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள். "எப்பன்னு கூப்புட்டீங்க?"

"இன்னிக்குத்தான்."

கோழிக்கு அன்று நேரம் சரியில்லை. சாப்பிடும்போது, மூன்றாவது செபம் தனக்கு என்பது சாமிக்கும் தெரிந்தது. தேரன்று பெங்களூர்ப் பூ மினுமினுத்தது. மாதா கழுத்தில் நம் சாமந்தி இருந்தது. இரண்டுமே நன்றாகத்தான் இருந்தன, அப்பா.

உங்களை அடக்கம் செய்த அன்று கல்லறைத் தோட்டத்தில் சாமி என் பக்கத்தில் வந்து நின்றார். "எனக்காக வேண்டிக்கிற ஒருத்தர் குறைஞ்சிட்டாரும்மா" என்றார். இல்லை என்று சொல்ல நினைத்தேன். முன்தின சாயங்காலம்கூட, உங்களைக் கிடத்தியிருந்த வீட்டில், மூன்றாவதை நான் விடவில்லை. சொல்ல வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அந்தப் பதில் இத்தனை நாளும் என் தொண்டையிலேயே இருந்தது. அவரும் அப்படியே நம்பிக்கொண்டு போய்விடுவாரோ என்பதுதான் இந்த வாரம் முழுக்க என் கவலை.

இன்று எல்லோரும் சால்வை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். கடைசியில் நான் மாலையைக் கொண்டுபோனேன். சாமி குனிந்து வாங்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தார். "அப்பா கொல்லைப் பூவா?"

"குறையல சாமி" என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் நின்ற பெண்கள், "ஐயோ, இது பேசுதே!" என்றார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நன்றாக இருந்தது.

புதுச் சாமி அடுத்த வாரம் வருகிறார். பெயர்கூட இன்னும் தெரியாது. அதற்குள் ஊரில், "அவரு ரொம்பக் கண்டிப்பாம்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். இனிமேல் மூன்றாவது யாருக்கு என்று தம்பி கேட்டான். போகிறவருக்கும் சொல்லணும், வருகிறவருக்கும் சொல்லணும் என்றேன்.

"அப்ப நாலா, அக்கா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டான்.

நாலுதான், அப்பா. முன்பாதியை நான் சொல்கிறேன்.