உங்கள் பெயரை அழிக்கச் சொன்ன பக்கம்

அத்தை,

மடிக்கணினியில், வேலைக்கு அனுப்பிய உங்கள் பக்கம் திறந்திருக்கிறது. உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னுகிறது. அந்தப் பெயரை அழித்துவிட்டு வேறொரு பெயரை அடிக்கச் சொல்லிவிட்டு அப்பா தூங்கப் போய்விட்டார். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்புவதற்குள் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். திரையின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, சொன்ன வேலையைச் செய்யாமல் இதை உங்களுக்கு எழுதுகிறேன். உள்ளறையில் அப்பா இருமினால்கூடக் கை நின்றுவிடுகிறது.

யார் பெயரை அடிக்கச் சொன்னார்கள் தெரியுமா? மாஸ்டரின் மகன் பெயரை.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். பதினான்கு வருடம் அவருடைய நாடகக் குழுவில் நீங்கள் வேலை செய்தீர்கள். அத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அவர் நம் வீட்டுப் படி ஏறியதில்லை. இன்று நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்தார். உங்களைத் தங்கமான பெண் என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சென்னையில் அந்த நாடகக் கம்பெனியின் ஸ்டேஜ் மேனேஜர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். உங்களை நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்ததை உங்கள் காரியத்தன்று அப்பாவே அவரிடம் அழுதுகொண்டே சொல்லியிருக்கிறார்.

"அவங்கதான் இல்லையே. அந்தப் பேப்பரு சும்மாத்தானே கெடக்கு" என்றார் மாஸ்டர். "பேர மட்டும் மாத்திக் குடுத்தா தம்பிக்கு ஒதவும். அதுல உள்ளது பூரா நம்ம குழு நாடகம்தானே."

சும்மாக் கிடக்கிறதாம். எனக்குக் காது சுட்டது. அப்பா என்னைப் பார்க்காமல், "பாப்பா செஞ்சிடும் மாஸ்டர்" என்றார். அப்பாவுக்கு இப்போதிருக்கும் வேலை மாஸ்டர் சொல்லிக் கிடைத்தது என்பது எனக்கும் தெரியும். காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இந்தப் பக்கம் எப்படி உருவானது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? முதலில் நாம் இரண்டு பேரும் திருநள்ளாற்றில் கோயில் தெருவை ஒட்டிய டிடிபி கடைக்குத்தான் போனோம். பயோடேட்டா போட வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் கடைக்காரர் மறு கேள்வி கேட்கவில்லை. மேலே பிள்ளையார் படம், சுற்றிலும் பூக்கொடி, நடுவே உங்கள் புடவைப் புகைப்படம். உயரம், நிறம், உடன்பிறந்தோர் என்று வரிசையாகப் போட்டு, ராசி நட்சத்திரத்தை மட்டும் நம்மிடம் கேட்டார். நீங்களும் உத்திரட்டாதி என்று சொன்னீர்கள், நானும் பேசாமல் நின்றேன். நம் பக்கம் பயோடேட்டா என்றால் வரன் பார்க்கத்தான் என்பது இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. வேலை செய்த நாடகங்கள் கடைசியில் ஒரே வரியில் கிடந்தன: "நாடகத்தில் ஆர்வம் உண்டு."

அதைப் புதுச்சேரியில் ஒரு நாடக ஆபீசில் கொடுத்தபோது அங்கிருந்தவர், "மாப்பிள்ள வீட்டுக்குக் குடுக்க வேண்டியத எங்கிட்ட குடுத்திட்டீங்க போலருக்கே" என்று சிரித்தாராம். திரும்பி வரும் பஸ்ஸில் நீங்கள் அதைச் சொல்லி என்னைச் சிரிக்க வைத்தீர்கள். காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மட்டும் உங்கள் கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். ஒரே பக்கம் போதும். புகைப்படம் வேண்டாம். அப்பா பெயர், சாதி, கல்யாணம் ஆயிற்றா இல்லையா, எதுவும் வேண்டாம். மேலே பெயர், பெயருக்குக் கீழே 'ஸ்டேஜ் மேனேஜர்', போன் எண். அதற்குக் கீழே நான்கு கட்டம்: நாடகம், ஊர், இயக்கியவர், நீங்கள் பார்த்த வேலை. புதியது மேலே, பழையது கீழே. மினுக்கும் எழுத்தோ வண்ணமோ கூடாது. ஓரங்களில் இடம் விட வேண்டும், படிப்பவர் அரை நிமிடத்தில் தேடியதைக் கண்டுபிடிக்க வேண்டும். இதை நான் படித்துக் காட்டியபோது, நாடகச் சாமான் வைக்கும் மேசையும் இப்படித்தான் இருக்கணும், இருட்டில் கை போனால் கத்தி இருக்கும் இடத்தில் கத்தி இருக்கணும் என்றீர்கள். அதன் பிறகு நீங்களே ஓரம் சரிபார்க்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

கல்யாண விவரத்தை எடுத்தது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பொம்பளையைப் பற்றி எழுதும்போது அதைச் சொல்லாமல் எப்படி என்று கேட்டார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "லைட்ட எப்ப அணைக்கணும்னு தாலியா சொல்லும், அண்ணே?" என்றீர்கள். அப்பா செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நான்காவது கட்டத்தில்தான் சண்டை வந்தது. குழுவின் நோட்டீசில் எப்போதும் கடைசி வரியில், அதுவும் சில தடவைதான், 'உதவி' என்று உங்கள் பெயர் இருக்கும். அதைப் பார்த்து நான் 'ஹெல்பர்' என்று அடித்தேன். உங்களுக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததேயில்லை.

"யாருக்குடி ஒதவி? நான் சொல்லாம அங்க ஒரு லைட்டு எரியாது. அழி அத."

அழித்தேன். ஒவ்வொரு நாடகத்துக்கும் நீங்கள் செய்ததைச் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒத்திகைக்கு ஆள் கூட்டியது, தரையில் டேப் ஒட்டி இடம் குறித்தது, எந்த வசனத்துக்கு எந்த விளக்கு என்று எழுதி வைத்துக் குரல் கொடுத்தது. திருநள்ளாற்றில் கரண்ட் போனபோது பார்வையாளர் எழுந்திருக்கும் முன் இரண்டு எமர்ஜென்சி விளக்கை வைத்தே காட்சியை நடத்தியதைச் சேர்க்கலாம் என்றேன். அது கதை, வேலை இல்லை என்று வேண்டாம் என்றீர்கள். செய்ததற்கு மேல் ஒரு சொல் போட விடவில்லை. பத்தொன்பது நாடகம், பத்தொன்பது வரி.

அந்தப் பத்தொன்பதில் மாஸ்டரின் மகன் எங்கே இருந்தான்? நெடுங்காட்டில் ஒரே ஒரு தடவை திரைக் கயிற்றை அவன் கையில் கொடுத்தீர்கள். காட்சி முடிந்தபோது அவன் பஜ்ஜிக் கடையில் நின்றான். செத்துக் கிடந்த ராஜா, திரை விழாததால், தானே எழுந்து நடந்து போனார். ஊர் முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் எல்லார் எதிரிலும் திட்டியது உங்களை. அந்த வரியை வேண்டுமானால் அவன் பெயரில் போடலாம்.

பக்கத்தின் அடியில், உங்களைப் பற்றிக் கேட்டால் சொல்ல இரண்டு பேர் வேண்டியிருந்தது. மாஸ்டரிடம் கேட்டுவிட்டு நீங்கள் திரும்பி வந்தபோது இருந்த முகம் எனக்கு மறக்காது. மேடைக்குப் பின்னால் நிற்கிறதுக்கெல்லாமா சர்டிபிகேட்டு என்று கேட்டாராம். அப்போது பின்னால் நிற்பது ஒன்றுமில்லை. இன்று அதுவே அவர் மகனுக்கு வேண்டும். சவுண்டு சர்வீஸ் காதர் பாய்தான், "எம் பேரப் போடும்மா. யாரு கேட்டாலும் நான் சொல்றேன்" என்றார். இன்னொரு பெயர், குழுவில் அம்மா வேஷம் போடும் நடிகையுடையது.

விண்ணப்பம் போன மூன்றாம் வாரம் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் நீங்கள் இல்லை. கடிதம் அதற்கடுத்த திங்கட்கிழமை வந்தது. அதை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்தோம். உங்களிடமிருந்து பறிக்க இனி எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது அத்தை. அந்தப் பத்தொன்பது வரி இருக்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது. முடியாது என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. இதுவரை எழுதிவிட்டு உங்கள் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தேன். பிறகு உங்கள் பக்கத்தை அப்படியே என் மின்னஞ்சலுக்கு ஒன்றும், காதர் பாய்க்கு ஒன்றும் அனுப்பினேன். அப்புறம் அதே பக்கத்தை இன்னொரு பெயரில் சேமித்தேன்.

அதில் ஓரங்கள் அப்படியே இருக்கின்றன. எழுத்தின் அளவும் நான்கு கட்டமும் தலைப்புகளும் அப்படியே. பத்தொன்பது வரியையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிக்கும் முன் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்: நாடகம், ஊர், இயக்கியவர், நீங்கள் பார்த்த வேலை. அடியில் இருந்த இரண்டு பெயரையும், மேலே 'ஸ்டேஜ் மேனேஜர்' என்பதையும் உங்கள் போன் எண்ணையும் எடுத்தேன். மேலே அவர்கள் கேட்டபடி மாஸ்டர் மகனின் பெயரை ஒரு எழுத்தும் பிசகாமல் அடித்தேன். அதற்குக் கீழே, தலைப்புகளைத் தவிர, முழுப் பக்கமும் வெள்ளையாக இருக்கிறது. செய்த வேலையை அவன் எழுதிக்கொள்ளட்டும்.

பென்டிரைவை அப்பாவின் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். காலையில் திறந்து பார்ப்பார். அடி விழலாம். எதற்கு இப்படிச் செய்தாய் என்று யார் கேட்டாலும், முதல் நாடகத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பேன். பத்தொன்பதும் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.