அக்கரைக்குக் கேட்ட தலைப்பு

அன்புள்ள நானா,

பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்கு இன்று வர்ணம் பூசுகிறார்கள். இனாமல் வாசம் என் குசினி அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குப் போய் இத்தனை வருடமாகியும் அந்த வாசம் என்றால் எனக்கு நீங்கள்தான், கூடப் பிறக்காத என் அண்ணன்தான். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

கொழும்பில் தொலைக்காட்சி புதிதாக வந்திருந்த காலம். கிண்ணியாவில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய நீங்களும், துறைமுகக் கந்தோரில் கோப்புப் புரட்டிக்கொண்டே கதை எழுதிய நானும், பிள்ளைகளுக்கு ஒரு கார்ட்டூன் தொடர் செய்யப் புறப்பட்டோம். ஆசைக்கு என்ன குறைச்சல்? எப்போதும் பிந்தி வரும் ஒரு சின்னப் பெண். அவளுக்காகக் காத்து நிற்கும் ஒரு தோணி. தோணிக்குள் நண்டு, ஆடு, தபால்காரர். படங்களை நீங்கள் வரைந்து முடித்தாயிற்று. தலைப்புத்தான் சரிவரவில்லை. தொலைக்காட்சி நிலையத்து அதிகாரி தலைப்புப் பிடிக்காவிட்டால் படங்கள் வைத்த மட்டையைத் திறக்கவே மாட்டார் என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நான் 'அலைமகளின் அன்புப் பயணம்' என்றேன். இது பிள்ளைகளுக்கா, புலவர்மாருக்கா என்று கேட்டுச் சிரித்தீர்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு பிள்ளை மற்றப் பிள்ளையைத் தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரி இருக்க வேண்டும் என்றீர்கள். அதைச் சோதிக்க என்னைத் துறையடிக்கு இழுத்துக்கொண்டு போனீர்களே, அந்தக் கிறுக்கு உங்களுக்கு மட்டும்தான் வரும். பாலம் கட்டாத நாட்கள் அவை. என்னைத் தோணி ஏற்றி அக்கரைக்கு அனுப்பினீர்கள். தண்ணீரைத் தாண்டிக் கேட்பதுதான் தலைப்பு என்பது உங்கள் கணக்கு.

தொண்டை கிழியக் கத்தினேன். என் அலைமகளைக் காற்று கொண்டுபோய்விட்டது. கேட்கவில்லை என்று கையை ஆட்டினீர்கள். பிறகு நீங்கள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கூப்பிட்டீர்கள்.

"ஓடி வா, மைமூனா!"

தெளிவாகக் கேட்டது. நான் அப்படியே நின்றுவிட்டேன். சின்ன வயதிலேயே காய்ச்சலில் போன உங்கள் மகளின் பேர் அது. அவளைப் பெற்ற உம்மா தாங்கமாட்டார் என்று உங்கள் வீட்டில் ஒருவரும் அந்தப் பேரை எடுப்பதில்லை. இத்தனை நாளும் நீங்கள் வரைந்த பெண் அவள்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் இக்கரைக்குத் திரும்பி வந்ததும் நீங்கள் அந்தத் தலைப்பையே மட்டையில் எழுதினீர்கள்.

கொழும்பில் அதிகாரிக்குப் படங்கள் நன்றாகப் பிடித்துவிட்டன. எல்லாச் சனத்துக்கும் பொதுவாக 'ஓடி வா, கண்ணே' என்று மாற்றித் தந்தால் தொடரை எடுக்கலாம் என்றார். கெட்ட மனிதர் அல்ல. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். ஓம், சரி என்று சொல்லுங்கோ நானா என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"பேர மாத்தினா, ஐயா, நான் ஆரக் கூப்பிடுற?" என்றீர்கள்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்த நீங்களும் நிற்கவில்லை. மட்டையை மூடிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள்.

ரயிலில் நான் உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத்துச் சீனக்குடா வருவதற்குள் என் கோபம் அழுகையாகிவிட்டது. நீங்கள்தான் என்னைத் தேற்றினீர்கள். நாட்டிலுள்ள பிள்ளைகளெல்லாம் ஒரு பின்னேரம் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவ்வளவுக்குத்தான் ஆசைப்பட்டேன் என்றீர்கள்.

அது நடக்கவில்லை, நானா. அவளுடைய உம்மா போனார், பிறகு நீங்களும் போனீர்கள். அந்தப் பேரைத் தெரிந்தவன் இனி நான் ஒருவன்தான்.

வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் அர்ச்சனைக்கு என் பிள்ளைகளின் பேரைச் சொன்ன பிறகு, மைமூனா என்றும் சொல்கிறேன். உங்களுக்குச் சம்மதமோ தெரியாது. எனக்கு வேறு இடம் தெரியவில்லை. ஐயர் ஒவ்வொரு முறையும் நட்சத்திரம் கேட்கிறார். தெரியாது, பேரை மட்டும் கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கோ என்கிறேன்.