ஹலோவுக்கு மேல் ஒரு சொல்

அன்புள்ள ஜனெல்,

இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அரிசோனா வெயிலில் நீயும் அப்படியே இருந்தால் போதும். குளிரில் அம்மாவுக்கு முட்டி பிடித்துக்கொள்கிறது. சனிக்கிழமை முதல் பனி விழுந்தது, நம் கோல்ஃப் மைதானத்தை மூடி, குழிகளில் நட்டிருந்த கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். கல்லூரி கோல்ஃப் அணியில் ஆடிய நம் ஊர்ப் பெண் இப்போது அரிசோனாவில் ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்கு உதவிப் பயிற்சியாளர் என்று பத்திரிகையில் உன் படத்தோடு வந்ததை அம்மா வெட்டி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.

நம் பண்ணைக்கார நண்பன் டுவேன் நொவோட்னியின் அடக்கத்துக்கு நீ விமானம் பிடித்து வந்ததை எல்லோரும் மதிப்பாகத்தான் பேசினார்கள். சோளக் குதிருக்குள் இறங்கியவனைச் சோளமே மூடி, தீயணைப்பு ஆட்கள் குதிரின் இரும்புத் தகட்டை அறுத்து உடலை எடுத்த சாவு அது. அவன் மகள் லேசி, கோடைதோறும் நீ கோல்ஃப் சொல்லிக்கொடுத்த பிள்ளை, அடக்கம் முடிந்து சர்ச்சில் நடந்த சாப்பாட்டின்போது உன்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். நீ ஹலோ லேசி என்று சொல்லிவிட்டு காப்பி இருந்த பக்கம் நகர்ந்துவிட்டாய். காரில் கேட்டதற்கு, அவ பத்தாவதுப்பா, எங்க டீமுக்கு எடுக்கலாமான்னு அவளப் பாக்குறோம், இந்த வயசுப் பிள்ளைங்ககிட்ட ஹலோவுக்கு மேல பேசினா விதிமீறல்னு பெரிய கோச் சொல்லியிருக்காங்க, அவளுக்கே கெடுதலாயிடும் என்றாய். நான் மறுத்துப் பேசவில்லை. யாரும் பார்க்காதபோது உன் மட்டை பட்டுப் பந்து அசைந்தது என்று நீயே சொல்லி, தண்டனை வாங்கி, கல்லூரிக் கோப்பையை விட்டவள் நீ.

போன வாரம் லேசி வந்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அங்கிள், ஜனெல் அக்காவுக்கு எம்மேல என்ன கோபம், மாநிலப் போட்டியில கேவலமா ஆடினேனே அதுக்கா என்று கேட்டாள். விதியைச் சொன்னேன். எங்கப்பா செத்ததுக்குமா விதி என்றாள். அவள் அம்மா கார்லா தபால் ஆபீஸில், உங்க பொண்ணு பெரிய கோச்சாயிட்டா, எங்க பொண்ணு கையில மாட்டுச்சாணி நாத்தம் போலிருக்கு என்று நாலு பேர் கேட்க உன் அம்மாவிடம் சொன்னாள். அவர்கள் வீட்டுக்கு நாங்கள் கொடுத்தனுப்பிய சாப்பாடு மூடி திறக்காமல் திரும்பி வந்தது. உங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு நானே போன் செய்து விசாரித்தேன். முன்பே பழகிய குடும்பம், சாவு வீடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுமதித்திருப்போம் என்றார்கள். நீ கேட்கவில்லை. நானும் அன்றைக்கு உன்னைக் கேட்கச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை லேசி பள்ளிப் பயிற்சியாளரிடம் கோல்ஃப் பையை ஒப்படைத்துவிட்டாள். பள்ளி விட்டதும் தானியக் கிடங்கில் லாரி எடை போடுகிறாள். பயிற்சியாளர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம், இனிமே நான் எந்த டீமுக்கும் வரப்போறதில்ல சார், யாரும் என்னப் பாத்து ஒதுங்க வேண்டாம் என்றாளாம். ஆகவே இனி உனக்குத் தடை ஒன்றும் இல்லை, ஜனெல். கூப்பிடு. எடுக்கமாட்டாள் என்றுதான் நினைக்கிறேன், எடுக்கும்வரை கூப்பிடு. அவளைத் திரும்ப ஆட வைப்பதற்காகப் பேசாதே.

சரியாகச் சாப்பிடு, அணியின் வேனை நீயே ஓட்டுவதாக இருந்தால் தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள். கடவுள் உன்னைக் காக்கட்டும், அம்மாவின் ஆசியும் இதில் உண்டு. ஒன்று சொல்ல மறந்தேன். லேசி இப்போது டுவேனுடைய போனைத்தான் வைத்திருக்கிறாள். அவள் திருப்பிக் கூப்பிட்டால் உன் திரையில் அவன் பெயர்தான் வரும். பயப்படாமல் எடு.

உன் அப்பா,
நீல்